ஏசி போடாமல் ஏற்காட்டுக் காற்று

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிறவர்கள் பாதி மலையிலேயே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுவார்கள். எங்கள் காரில் அது நடக்காது. அம்மாவுக்குக் காதோரம் காற்று பட்டால் அன்றைக்கு ராத்திரியே தலைவலி. முன்னால் முக்கிக்கொண்டு ஏறும் பஸ்ஸின் புகை வேறு. எல்லாவற்றுக்கும் மேல், வளைவுகளில் கட்டைச்சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் குரங்குகள். போன வருஷம் ஒன்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் பையன் மடியில் இருந்த கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அங்கேயே உட்கார்ந்து உரித்துத் தின்றது. அதிலிருந்து மலையில் ஜன்னல் பட்டனைத் தொட அவன் யாரையும் விடுவதில்லை.

எனக்கு வேண்டியது சின்ன விஷயம். ஜன்னல் மூடியிருக்க வேண்டும், இன்ஜின் சுழற்றும் ஏசி கம்ப்ரஸர் ஓடக்கூடாது, வெளியே என்ன காற்று இருக்கிறதோ அது சூடாகாமலும் குளிராகாமலும் அப்படியே டேஷ்போர்டு வழியாக முகத்துக்கு வர வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1000 மீட்டர் ஏறினால் சுமாராக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில் அடிவாரத்துக்கும் மேலுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் சும்மாவே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு டீசல் எரித்துக் குளிர் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. சின்ன இன்ஜின், நாலு பேர், இரண்டாவது கியர். வளைவில் கம்ப்ரஸர் நின்றால் அந்த விடுதலை ஆக்சிலரேட்டரில் வைத்த காலுக்கே தெரியும்.

கார் 2012 மாடல் டீசல் செடான், செகண்ட் ஹாண்டில் வாங்கியது. எத்தனை டிகிரி வேண்டும் என்று எண்ணில் சொன்னால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல். ஆனால் ஏசி பட்டனை அணைத்ததும் வந்தது மலைக்காற்று இல்லை, அனல். ஏரிக்கரை பக்கம் நின்றபோது பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏன்டா, ஹீட்டர் போட்டிருக்கியா?" என்றார். நான் எதையும் போடவில்லை.

ஊகத்தில் வேலை செய்யக்கூடாது என்று மீன் தொட்டிக்கு விற்கிற, ஒயர் நுனியில் சென்சார் வைத்த தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன். ஒன்றின் ஒயரை நடு வென்ட்டுக்குள் விட்டேன். இன்னொன்றை வெயில் படாதபடி சைடு கண்ணாடிக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே ஏறியதும் வெளியே 22, வென்ட்டில் 36. பதினாலு டிகிரி கூட. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், கீழே வரும் எண்களெல்லாம் அதிலிருந்துதான்.

காற்று வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது குழப்பும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையான தட்டு, இருக்கிறதே, வெளிக்காற்று நுழைவது அதன் வழியாகத்தான், பம்பர் கிரில் வழியாக இல்லை. ஜாலிக்கு அடுத்து ஒரு ஃபிளாப், வெளிக்காற்றா உள்காற்றா என்று தீர்மானிப்பது அது. பிறகு ஃபில்டர், புளோயர் என்கிற ஃபேன், ஏசியின் கூலிங் காயில். கூலிங் காயிலைத் தாண்டியதும் இன்னொரு ஃபிளாப், மிக்ஸிங் ஃபிளாப் என்பார்கள். இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு சுற்றும் தண்ணீரான கூலன்ட் கொதிக்கக் கொதிக்க ஓடும் ஹீட்டர் காயில் வழியாக எவ்வளவு காற்றை விடலாம், அதைத் தொடாமல் எவ்வளவு போகலாம் என்று பிரிப்பது அதன் வேலை. ஹீட்டரை 'அணைப்பது' என்று பெரும்பாலான கார்களில் எதுவும் கிடையாது. வெந்நீர் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஃபிளாப் கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். இது எனக்கு அன்றுவரை தெரியாது.

முதல் தப்பு என்னுடையதே. டிஸ்ப்ளேயில் 24 வைத்துவிட்டு ஏசியை மட்டும் அணைத்திருந்தேன். வெளியே 22, ஐயாவுக்கு 24 வேண்டும், சரி, கொஞ்சம் சூடாக்கித் தருவோம் என்று காரின் மூளை மிக்ஸிங் ஃபிளாப்பை ஹீட்டர் பக்கம் திறந்திருக்கிறது. சொன்ன சொல்லைத்தான் கேட்டது. வெப்பநிலையைக் கடைசிவரை இறக்கி 'லோ' என்று வரும்வரை கொண்டுபோனால் ஃபிளாப் முழுக்கக் குளிர் பக்கம் போய்விடும். ஆனால் வரிசை முக்கியம். என் காரில் 'லோ' வைத்ததும் அதுவாகவே ஏசியைப் போட்டு, உள்காற்றுக்கு மாறி, ஃபேனைத் தலைதெறிக்க ஓட்டும். அதனால் முதலில் 'லோ', அப்புறம் ஏசி பட்டனை அணைப்பது, அப்புறம் வெளிக்காற்றுப் பட்டன், கடைசியாக ஃபேனைக் குறைப்பது. இடையில் யாராவது 'ஆட்டோ'வைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து. இதைச் செய்ததும் 36 என்பது 31 ஆனது. சந்தோஷம்தான், ஆனால் வெளியே இருப்பது 22 ஆயிற்றே.

அடுத்தது ஃபில்டர். க்ளோவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் அது தொங்கிவிடும், பின்னால் ஒரு மூடி, இரண்டு கிளிப். வெளியே இழுத்தபோது மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய பேப்பர் அடை மாதிரி இருந்தது. மேல் பக்கம் வேப்பிலைக் காம்பு, சிறகு ஒன்று, மடிப்புகளுக்குள் மாவு மாதிரி வெள்ளைப் புழுதி. நான் தினமும் கருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்வருகிறேன், அது வெள்ளைக்கல் சுரங்கப் பூமி. வீட்டில் வண்டி நிற்பது வேப்பமரத்தடி. என் அன்றாடம் முழுக்க அந்த ஃபில்டரில் அடுக்கடுக்காக இருந்தது. ஜாலியையும் கழற்றினேன், வைப்பர் கையைப் பிடுங்குவதற்குத்தான் உயிர் போயிற்று. அடியில் டீத்தூள் பதத்துக்கு மக்கிய இலை, மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டை அடைத்தே போயிருந்தது. புது ஃபில்டரை முதலில் தலைகீழாக மாட்டிவிட்டேன். ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், காற்று போகிற திசையைக் காட்டும், பார்த்து மாட்டுங்கள். இதனால் சூடு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. ஆனால் நாலாவது ஸ்பீடில் வந்த காற்று இப்போது இரண்டிலேயே வந்தது.

வெளிக்காற்று ஃபிளாப் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு ஜாலிக்கு மேல் பத்தியைப் பிடித்தேன். உள்காற்றில் இருந்தபோது புகை நேராக மேலே போயிற்று. பட்டனை மாற்றியதும் உள்ளே ஒரு 'டொக்', புகை மடங்கி ஜாலிக்குள் இறங்கியது. நடுரோட்டில் காருக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "என்னங்க, வண்டிக்குப் பூஜையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கம் நீளமாகப் போகும்.

உள்ளே வரும் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். பின் பம்பருக்கு உள்பக்கம், டிக்கியின் ஓரத்தில், ரப்பர் இதழ் வைத்த சின்ன ஜன்னல்கள் இருக்கும். என் காரில் அந்த மூலையில் பழைய போர்வையும் பாயும் திணித்து வைத்திருந்தேன். எடுத்துப் போட்டதும் காற்று கொஞ்சம் தாராளமாயிற்று.

சரி, மீதி ஒன்பது டிகிரி எங்கிருந்து வருகிறது? சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் கார் ஏசி வேலை மட்டும் பார்க்கும் அண்ணா ஒருவர் இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எதையும் கழற்றவில்லை. ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை அதற்கென்று இருக்கிற கிளாம்ப்பால் நசுக்கிவிட்டு, "பத்து நிமிஷம் ஓட்டீட்டு வா தம்பி" என்றார். சூடான ஹோஸைக் கொறடால் நசுக்கினால் கிழிந்து கூலன்ட் கையில் கொட்டும், வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். வெந்நீர் நின்றதும் வென்ட் சூடு நாலு டிகிரி இறங்கியது. ஆக, ஃபிளாப் சாத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் சந்து வழியாக ஹீட்டர் கசிகிறது.

அதற்குச் சாட்சி ரொம்ப நாளாக என் கண் முன்னாலேயே இருந்தது. ஃபேனைக் கூட்டும்போதெல்லாம் வென்ட்டிலிருந்து கறுப்பாக, மிளகு நொய் மாதிரி ஏதோ பறந்து வந்து டேஷ்போர்டில் விழும். விரலால் தேய்த்தால் பிசுபிசுவென்று இழுபடும். மனைவியின் வெளிர் மஞ்சள் புடவையில் பட்டு ஒரு தடவை பெரிய பேச்சு ஆயிற்று. எலி வேலை என்று நினைத்திருந்தேன். அது ஃபிளாப்பின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து மக்கி உதிர்கிறது. அது போனால் ஃபிளாப்பும் சட்டமும் ஒட்டாது. மாற்ற வேண்டுமானால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கி, ஏசிக்குள் இருக்கும் வாயுவை வெளியே எடுத்து, பெட்டியைப் பிரிக்க வேண்டும். மூன்று நாள் வேலை. பழைய வண்டியில் டேஷ்போர்டைக் கழற்றினால் அதற்கப்புறம் அது ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ராகம் பாடும் என்பதும் அண்ணாவே சொன்னது.

அவர் சொன்ன வழி வேறு. "நம்மூர்ல ஹீட்டர எவன் போடறான் தம்பி? ரெண்டு ஹோஸையும் சேத்து லூப் அடிச்சு வுட்டர்றேன், வேல முடிஞ்சுது." சேலத்தில் மட்டும் ஓட்டுகிறவனுக்கு அது சரி. மார்கழியில் ஏற்காட்டில் விடிகாலை வண்டி எடுக்கிறவனுக்குச் சரி வராது. கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைக் கலைக்க வெந்நீர்ச் சூடு வேண்டும். அதனால் வெந்நீரை வேண்டும்போது திறந்து மூட வால்வு வைக்கலாம் என்று முடிவாயிற்று.

வால்வு கைக்கு வருவதற்குள் இன்னொன்றும் அகப்பட்டது, எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது அதுதான். ஹோஸை நசுக்கி ஓட்டியபோது நோட்டில் ஒரு விஷயம் குறித்திருந்தேன். வண்டி ஓடும்போது 27, சிக்னலில் நின்றால் ஒரே நிமிஷத்தில் 30, கூடவே லேசான டீசல் வாடை. நிற்கும்போது ஏறுகிற சூடு ஹீட்டரிலிருந்து வராது, வெந்நீரைத்தான் நிறுத்தியாயிற்றே. பக்கத்துத் தெருவில் இதே மாடல் கார் ஒன்று இருக்கிறது. அவரிடம் கேட்டு பானெட்டைத் திறந்து என் காரோடு வைத்துப் பார்த்தேன். இன்ஜின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவரான ஃபயர்வாலுக்கு மேலே, ஜாலிக்கு முன்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடியான ரப்பர் பீடிங் ஒன்று அவர் காரில் ஓடுகிறது. பானெட் மூடும்போது அதன்மேல் அழுந்தி இன்ஜின் அறையையும் ஜாலியையும் பிரிக்கிறது. என் காரில் அங்கே வெறும் தகரம். கிளிப் மாட்டும் ஓட்டைகள் வரிசையாக ஒன்பது, அதில் ஒன்றில் மட்டும் உடைந்த கிளிப்பின் தலை, அதன்மேலும் பெயின்ட். எனக்கு முந்தின ஓனர் காலத்தில் எங்கேயோ டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது, பெயின்ட் அடிக்கக் கழற்றிய பீடிங்கைத் திருப்பி மாட்டாமலே வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். ரப்பர்தானே, அது இல்லாமல் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்திருப்பார்கள். வண்டி மெதுவாகப் போகிறபோதெல்லாம் ஜாலி உறிஞ்சியது மலைக்காற்று இல்லை, இன்ஜின் அறையில் வெந்த காற்று. மலை ஏறுவது என்றாலே மெதுவாகப் போவதுதான், இன்ஜின் சூடாக இருப்பதும் அப்போதுதான்.

பீடிங்கும் கிளிப்பும் வாங்கி மாட்ட இருபது நிமிஷம். மலை, சிக்னல் எல்லாவற்றிலும் வித்தியாசம் இருந்தது. ஹோஸ் நசுங்கிய நிலையில், மேலே வெளியே 22 இருந்தபோது வென்ட்டில் 24. மீதி இரண்டு டிகிரியை நான் துரத்தவில்லை. ஜாலி வெயிலில் காய்கிறது, புளோயர் மோட்டாரே கொஞ்சம் சூடு தரும்.

இனி வால்வு. கூலன்ட் 90 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் ஓடுவது. வீட்டுக் குழாய்க்கு வைக்கும் பிளாஸ்டிக் வால்வெல்லாம் நினைத்தும் பார்க்கக்கூடாது. லாரி ஊரில் இருப்பதில் ஒரு லாபம், ஹோஸ் அளவுக்கு மூன்று வாய் வைத்த பித்தளை டி-யும், உள்ளே உருண்டை திரும்பித் திறந்து மூடும் பால் வால்வும் ஸ்பேர் கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைத்தன. ஹீட்டருக்குப் போகும் ஹோஸிலும் திரும்பும் ஹோஸிலும் ஆளுக்கொரு டி, இரண்டையும் இணைக்கும் குட்டி ஹோஸ், ஹீட்டர் பக்கம் வால்வு. மூடினால் கூலன்ட் குறுக்குவழியில் திரும்பிவிடும், ஓட்டம் நிற்காது. ஒரேயடியாக அடைக்காமல் இப்படிச் செய்யக் காரணம், சில இன்ஜின்களில், கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் கதவான தெர்மோஸ்டாட் திறப்பதற்கு முன் கூலன்ட் சுற்றுவதே இந்த ஹீட்டர் வழியாகத்தான். என் இன்ஜின் அந்த ரகமா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

செய்து முடித்துப் பெருமையாக ஏறினேன், வால்வு மூடியபடி 24. ஆனால் ஒரு விடிகாலை ஹீட்டர் தேவைப்பட்டு வால்வைத் திறந்தால் வெதுவெதுப்பு மட்டும்தான். யோசித்தால் சிரிப்பு வந்தது. குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கிறது, தண்ணீர் எதற்காகக் கஷ்டப்பட்டு காயிலுக்குள் போகும்? குட்டி ஹோஸிலும் ஒரு வால்வு வேண்டும் என்று அண்ணாவிடம் போனேன். "மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார். கோடைக்கு ஒன்று திறந்து ஒன்று மூடல், மார்கழிக்கு நேர்மாறாக. இரண்டையும் சேர்த்து மூடிவிடக்கூடாது என்று பானெட்டின் உள்பக்கம் வெள்ளை பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹோஸைத் திறந்து மூடினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் உருளும் சத்தம் கேட்டால் அதுதான். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலன்ட் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடும்வரை காத்திருந்து, இறங்க இறங்க கூலன்ட் ஊற்றினேன். மறுநாள் காலை இன்னும் கால் லிட்டர் குடித்தது. சூடான வண்டியில் அந்த மூடியைத் தொடவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கோடை மழை ஒன்று பெய்து காப்பி பூத்திருந்த வாரம் மறுபடி போனோம். தோட்டம் வரும் இடங்களில் மல்லிகை மாதிரியான அந்த வாசனை ஜன்னல் மூடிய காருக்குள் வென்ட் வழியாக வந்தது. அம்மா ஏசி போட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அடிவாரத்திலேயே ஏசியை அணைத்துவிட்டேன் என்றால் நம்பவில்லை. ஒரு விஷயம் கவனித்தேன்: அணைத்த முதல் ஐந்து நிமிஷம் காற்றில் ஈரத்துணி வாடை இருக்கும், கூலிங் காயிலில் நிற்கும் தண்ணீர் ஆவியாகி வருவது அது. காய்ந்ததும் போய்விடும்.

இறங்கும்போதுதான் மாட்டினேன். சாயங்காலம் மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்து, வெளிக்காற்றே தண்ணீராக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிட்டது. முன் கண்ணாடியின் மூட்டத்தைக் கலைக்கும் பட்டனைத் தட்டினால் என் காரில் ஏசி தானாகவே போட்டுக்கொள்ளும், அது சரிதான், ஈரத்தைப் பிழிய கூலிங் காயில் வேண்டும். ஆனால் பிழிந்த காற்றைச் சூடாக்கினால்தான் கண்ணாடி சட்டென்று தெளியும், ஹீட்டர் வால்வோ பானெட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, ஹசார்டு விளக்கைப் போட்டு, மேகத்துக்குள் பானெட்டைத் தூக்கி, மொபைல் வெளிச்சத்தில் பழைய துணியால் பிடித்து வால்வுகளைத் திருப்பினேன். பின்னால் வந்த டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி, "என்னங்ணா, ஹீட் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார். ஹீட் ஆகவில்லை என்பதுதான் பிரச்சினை என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

உள்ளிருந்தே வால்வை இழுக்க ஒரு பழைய வேனின் சோக் கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன். ஃபயர்வாலில் அதற்கு ஒரு ஓட்டை போட வேண்டும். டிரில் மெஷினை இரண்டு தடவை கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தாயிற்று, கேபிள் க்ளோவ் பாக்ஸில் சுருண்டு கிடக்கிறது, அதன்மேல் தினமும் நாலு கறுப்பு நொய் விழுகிறது.